வேனுக்கு விக்கல்

இன்ஜினிலிருந்து கழற்றிய ஸ்பார்க் பிளக்கை முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கருகே கொண்டுபோய் ஒரே இழுப்பு. பிறகு வெளிச்சத்தில் திருப்பி, நுனியில் படிந்த கரியைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டுவார். அதற்குள் தீர்ப்பு தயாராகிவிடும். "எண்ணெய் குடிக்குது" என்பார். அல்லது, "பெட்ரோல் பத்தலை, பட்டினி கிடக்கான்" என்பார். அதுவும் இல்லையென்றால், "இவன் நல்லாத்தான்யா இருக்கான், இவனை எதுக்குக் கழட்டச் சொன்ன?" என்று வண்டிக்காரர் மேல் பாய்வார். அந்த ஆள், "இல்லக்கா, வேற ஒரு மெக்கானிக் பார்த்துட்டு, பிளக்தான்னு..." என்று இழுத்தால் பிளக் அவர் மூக்குக்கு நேரே நீளும். "அவரு மோந்து பார்த்தாரா? இந்தா, நீயாவது மோந்து பாரு."

என் கணவரின் அக்கா அவர், எனக்கு அண்ணி. மூன்று தெருக்கள் கூடும் முனையில், டாக்சி ஸ்டாண்டுக்கு எதிரே, தகரக் கூரை போட்ட ஷெட்தான் அவர் சாம்ராஜ்யம். ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, பை நிறைய நட்டு போல்ட்டு, சட்டைக் காலருக்குள் செருகிய சடை. வெளியே பெயர்ப்பலகை கிடையாது. ஏன் என்று கேட்டால், "பானட்டைத் திறந்தா என் பேரு தெரியும், போர்டு எதுக்கு?" என்பார்.

அது வெறும் வாய்ச்சவடால் இல்லை. இன்ஜினின் காயிலில் பிறக்கும் மின்சாரம் நான்கு ஒயர்கள் வழியாக, பெட்ரோலைப் பற்ற வைக்கும் நான்கு பிளக்குகளுக்குப் போக வேண்டும். எல்லா மெக்கானிக்கும் அந்த ஒயர்களை மாட்டுவார்கள். அண்ணி அவற்றை அலங்கரிப்பார். ஒன்றையொன்று முந்தாமல் நான்கையும் சேர்த்து வாரி, வளைய வேண்டிய இடத்தில் ஒன்றாக வளையவிட்டு, இடையிடையே ஒயர் கட்டும் கறுப்பு பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, டையின் மிச்ச வாலை ஒட்ட நறுக்கிவிடுவார். பள்ளிக்கூடத்துக்குப் புறப்பட்ட பெண்ணுக்கு அம்மா இழுத்துப் பின்னிவிட்ட சடை மாதிரி இருக்கும். அதனால் டிரைவர்கள் வைத்த பெயர் பின்னலக்கா. வழியில் எங்காவது வண்டி நின்று, வேறு மெக்கானிக் பானட்டைத் திறந்தால், "ஓ, பின்னலக்கா வண்டியா?" என்று கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வாராம். இதை அண்ணியே பலமுறை எனக்குச் சொல்லியிருக்கிறார்.

சாதாரண மனிதர் ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி இந்தப் பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். நாத்தனாரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் என் தங்கை, "ஏன்க்கா, பாராட்டியா, திட்டியா?" என்றாள். நாத்தனாரைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தும் நாலு குறை சொல்லாமல் விட்டால் அது உலக வழக்குக்கே விரோதம். ஆகவே குறைகளை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதல் குறை, வாய். எதிரில் இருப்பவர் எட்டு வீடு தள்ளி நிற்பது போலவே எப்போதும் பேசுவார். இரண்டாவது குறை, வீட்டுக்கு வந்தால் மனிதர்களை நலம் விசாரிக்க மாட்டார். தலையைச் சாய்த்து மின்விசிறியைக் கேட்பார். "பேரிங் போகப்போகுது. சொன்னா யாரு கேக்கறா?" என்பார். குளிர்சாதனப் பெட்டியின் பின்னால் போய் ஒரு நிமிடம் நிற்பார். எங்கள் வீட்டு மிக்ஸி அவருக்குப் பயந்துதான் இத்தனை வருடமாக ஒழுங்காக ஓடுகிறது.

மூன்றாவது குறை பெரியது. தற்பெருமை. தன் கை பட்ட வண்டி, அதே கோளாறுக்காகத் திரும்பி வந்ததே இல்லை என்று சொல்லிக்கொள்வார். சொல்வதோடு நிற்க மாட்டார். ஷெட்டின் இடப்பக்கச் சுவரில் வரிசையாக ஆணி அடித்து, மற்ற மெக்கானிக்குகள் செய்து வைத்த தவறுகளையெல்லாம் தொங்கவிட்டிருப்பார். அளவுக்கு மேல் முறுக்கியதில் இரண்டாக முறிந்த பிளக், காற்று போகும் பெட்டிக்குள் யாரோ மறந்துவிட்ட துடைக்கும் துணி, ஒரு வண்டிக்கான வாஷரை இன்னொரு வண்டிக்குள் அடித்துத் திணித்ததில் நெளிந்த வாஷர். இதற்கு அவர் வைத்த பெயர் கண்காட்சி. புதிதாக வரும் டிரைவர் முதலில் இதைச் சுற்றிப் பார்த்தாக வேண்டும். அண்ணி ஸ்பேனரை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்டி, எவர் வேலை, என்ன தப்பு, வண்டி என்ன பாடுபட்டது என்று விளக்குவார். முறிந்த பிளக்குக்குச் சொந்தக்காரர் ஒருநாள் நேரில் வந்து சண்டை போட்டார். "எடுத்துட்டுப் போ. ஆனா அதை நீதான் உடைச்சேன்னு இங்க நின்னு சத்தமாச் சொல்லிட்டு எடுத்துட்டுப் போ" என்றார் அண்ணி. அவர் எடுக்கவில்லை. நடு ஆணியில் அது அப்படியே தொங்கியது.

டிரைவர்கள் வந்ததும் என்ன கோளாறு என்று சொல்ல விட மாட்டார். "வைத்தியத்தை நீயே பார்த்துட்டா நான் எதுக்கு? வலி எங்கன்னு மட்டும் சொல்லு. வாயாலயே சத்தம் போட்டுக் காட்டு." பெரிய மீசை வைத்த ஆட்கள் ஷெட் நடுவில் நின்று "டுபுடுபு... க்ரீச்... டுபு" என்று செய்து காட்டுவதைப் பார்க்கக் கண் கோடி வேண்டும். சிலர் உடம்பையும் சேர்த்துக் குலுக்குவார்கள். அது முடிந்ததும் அண்ணி எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பார். "கடைசியா யாரு கை வச்சது?" அவருடைய வேதம் அது. நன்றாக ஓடிய வண்டி திடீரென்று மக்கர் பண்ணினால், கடைசியாக எது கழற்றி மாட்டப்பட்டதோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். "திருடனைத் தேடி ஊரெல்லாம் ஓடறதுக்கு முன்னாடி, கடைசியா வீட்டுக்கு வந்துட்டுப் போனவன் யாருன்னு கேளு" என்பார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். குழந்தைகளை ஏற்றி இறக்குவது என் வேலை. விடுமுறை முடிவதற்குள் வேனுக்குப் பிளக்கும் பிளக் ஒயரும் புதிதாகப் போட்டுத் தந்தார் அண்ணி. போட்ட கையோடு எங்களைக் கூப்பிட்டுப் பானட்டைத் திறந்து காட்டினார். நான்கு சிவப்பு ஒயர்களும் அப்படி ஒரு பின்னல். "உன் கல்யாணத்தன்னைக்கு உனக்குக்கூட இப்படிப் பின்னி விடலம்மா" என்றார் என்னிடம். உண்மைதான்.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் வேன் வெண்ணெயாகப் போனது. பிறகு ஒரு காலை, குழந்தைகள் நிறைந்த வண்டி ரயில் பாதை மேல் உள்ள மேம்பாலத்தில் ஏறும்போது உதறியது. விட்டது. மறுபடி உதறியது. முதல் சீட்டில் உட்காரும் சின்னப் பெண் என் கையைப் பிடித்து இழுத்து, "ஆன்ட்டி, வேனுக்கு விக்கல். தண்ணி குடுங்க" என்றாள். பின்னால் இருந்த பையன், "யாரோ வேனை நினைக்கிறாங்க" என்றான். குழந்தைகள் எல்லாம் ஒவ்வொரு உதறலுக்கும் ஒன்றாகச் சேர்ந்து விக்கினார்கள். என் கணவர் மட்டும் சிரிக்கவில்லை. நான்கில் ஒரு பிளக் பொறி விடாமல் தப்பவிடுகிறது என்று அவருக்குத் தெரியும். மெக்கானிக்குகள் அதற்குச் சொல்லும் பெயர் மிஸ்ஸிங்.

"அக்காகிட்ட சொல்லாத" என்றார் அன்று மாலை.

"சொல்லாம என்ன பண்றது?"

"புதுசா போட்டுக் குடுத்து ஒரு மாசம்கூட ஆகல. நான் போய் மிஸ்ஸிங்னு சொன்னா, அது மூஞ்சியை யாரு பார்க்கறது? பேசாம கம்பெனி சர்வீஸ்ல காட்டிடலாம்."

மறுநாளிலிருந்து வேன் அண்ணியின் ஷெட் வழியாகப் போகாமல், மீன் கடைச் சந்து வழியாகச் சுற்றிப் போனது. குழந்தைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்கள்.

சனிக்கிழமை காலை வாசலில் செருப்புச் சத்தம். அண்ணி. மின்விசிறியைக்கூடக் கேட்காமல் நேராகத் தம்பியிடம் போனார்.

"ஏன்டா, நாலு நாளா உன் வேன் கடை வழியா வரலையே?"

"அந்த ரோட்டுல பள்ளம் வெட்டியிருக்காங்கக்கா."

"என் கடை வாசல்ல பள்ளம் வெட்டினா எனக்குத் தெரியாதாடா?"

என் கணவர் என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். பிறகு வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். திங்கட்கிழமை கம்பெனி சர்வீஸில் வரச் சொல்லியிருப்பது வரை. "உன்னை நம்பாம இல்லக்கா. குழந்தைங்க உக்கார்ற வண்டி. பாலத்து நடுவுல நின்னுட்டா பின்னாடி லாரி வருது" என்றார்.

அண்ணி சத்தம் போடப் போகிறார் என்று நான் காதைத் தயாராக வைத்திருந்தேன். அவர் மெதுவாகத் தலையாட்டினார். "நீ சொல்றது நியாயம்தான்" என்றார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. "காட்டு. யாரு வேண்டாம்னா? ஆனா போறப்ப என் கடை வழியாப் போ. ஒளிஞ்சு போகாத. நான் என்ன போலீஸா?"

காபியை வாங்கிக்கொண்டு என்னோடு அடுக்களையில் நின்றார். டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. "என் தம்பி வண்டியே வேற கடையில நின்னா, ஊரான் வண்டி எப்படிம்மா என் கடையில நிக்கும்?" என்றார். எட்டு வீடு கேட்கும் குரல், என் ஒருத்திக்கு மட்டும் கேட்டது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். நாத்தனாருக்காக நான் அடுப்பை அணைத்தது அதுதான் முதல் தடவை.

பிறகு டம்ளரை வைத்துவிட்டுக் கூடத்துக்கு வந்து கையை நீட்டினார். "சாவி. இன்னைக்கு ஒரு பொழுது குடு. சாயங்காலத்துக்குள்ள பிடிக்கலைன்னா, திங்கட்கிழமை நானே ஓட்டிட்டுப் போய் அங்க விடறேன்."

ஷெட்டில் வேனை ஸ்டார்ட் செய்தால் தங்கமாக ஓடியது. காலி வண்டியைப் பாலத்தில் ஏற்றி இறக்கினார். விக்கலும் இல்லை, இருமலும் இல்லை. "பாரம் ஏறினாத்தான் வலி தெரியும்போல" என்றவர், எதிர்ப்பக்கம் திரும்பி டாக்சி ஸ்டாண்டைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தார். "சவாரி இல்லாதவனெல்லாம் வந்து ஏறுங்கடா!"

சவாரி இருந்தவர்களும் வந்தார்கள் என்று நினைக்கிறேன். குழந்தைகள் சீட்டில் முழங்காலைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து, தொப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஒருவர் காலடியில் கிடந்த கலர் பென்சிலை எடுத்துக் காதில் செருகிக்கொண்டார். பழக்க தோஷத்தில் நான், "எல்லாரும் கையை உள்ள வைங்க" என்றேன். அத்தனை பேரும் கையை உள்ளே வைத்தார்கள்.

பாலத்தின் பாதி ஏற்றத்தில் வேன் உதறியது. அண்ணி ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உதறல் கூடியது. அதுவரை சிரிப்பும் கும்மாளமுமாக வந்தவர்கள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்கள் எல்லோருடைய வண்டிக்கும் அண்ணிதான் மெக்கானிக். எல்லோரும் ஜன்னல் வழியாக ரயில் பாதையைப் பார்த்தார்கள். கடைசி சீட்டிலிருந்து ஒருவர் அடங்கிய குரலில், "மிஸ்ஸிங்தான்" என்றார்.

"எனக்குக் காது கேக்கும்" என்றார் அண்ணி, ரோட்டில் கண்ணை வைத்தபடி.

திரும்பி வந்ததும் நான்கு பிளக்குகளையும் கழற்றிப் பழைய துணியில் வரிசையாக வைத்து முகர்ந்தார். மூன்றாம் பிளக்கில் எரியாத பெட்ரோல் வாடை. "இவன்தான் பொறி விடாம ஏமாத்தறான்" என்று அதைக் கொண்டுபோய் முதல் இடத்தில் மாட்டி, முதல் பிளக்கை மூன்றாம் இடத்தில் மாட்டினார். மறுபடி பாலம், மறுபடி டிரைவர்கள், மறுபடி உதறல். கழற்றிப் பார்த்தால் இப்போதும் மூன்றாம் இடத்தில் இருந்ததுதான் ஈரம். ஆக, பிளக் நிரபராதி. வேறு காயில் மாட்டிப் பார்த்தார். அதே கதை. பெட்ரோல் குழாயைப் பார்த்தார். காற்றுப் பெட்டியைத் திறந்து பார்த்தார். வெயில் தகரத்தில் இறங்கிச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. என் கணவர் ஒரு ஓரமாக நின்று கைபேசியை எடுத்தார், மறுபடி பையில் போட்டார். அண்ணி அதையும் பார்த்தார். "பெட்ரோல் பீச்சற இன்ஜெக்டர்தான் போலிருக்கு. எல்லாத்தையும் கழட்டணும்" என்றார்.

இந்த இடத்தில் அண்ணியின் கணவரை அறிமுகப்படுத்த வேண்டும். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அதே ஷெட்டின் மூலையில் தையல் மிஷின் போட்டு, வண்டிகளுக்கு சீட் கவர் தைக்கிறார். வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளுக்கே யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். வீட்டின் பேச்சையெல்லாம் அண்ணியே பேசிவிடுவதால் இவர் ஆடிக்கும் அமாவாசைக்கும்தான் வாய் திறப்பார். காலையிலிருந்து நடந்தது எதிலும் தலையிடாமல் ரெக்சினை ஓட்டிக்கொண்டிருந்தவர், தலையை நிமிர்த்தாமலே கேட்டார்:

"கடைசியா யாரு கை வச்சது?"

மிஷின் சத்தம் நின்றது. அண்ணி ஸ்பேனரோடு திரும்பினார். ஒரு டிரைவர் சத்தமில்லாமல் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"ஏங்க, அது ஊரானைக் கேக்கற கேள்விங்க."

"கேள்விக்கு ஊரு என்ன, வீடு என்ன?" என்றார் அண்ணன். மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தார்.

அண்ணி கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டப்பாவின் மேல் உட்கார்ந்தார். அவர் ஷெட்டில் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன். தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, உள்ளங்கை, புறங்கை என்று திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூச்சை இழுத்துவிட்டு எழுந்தார்.

"ஷட்டரை இறக்குங்க. புகை போகக் கீழ கொஞ்சம் விட்டு இறக்குங்க. ஏங்க, அந்தக் கறுப்பு ரெக்சினைக் குடுங்க. டேய், பக்கத்து சலூன்ல தண்ணி பீச்சற பாட்டில் இருக்கும், வாங்கிட்டு வா."

பாட்டில் வந்தது. பாதி முடிவெட்டோடு ஒரு வாடிக்கையாளரும், பாட்டில் எப்போது திரும்பும் என்று பார்க்கக் கூடவே வந்தார். திறந்த பானட்டின் மேல் கறுப்பு ரெக்சினை நாற்புறமும் தொங்கப் போட்டதும் உள்ளே இருட்டாகிவிட்டது. என் கணவர் சீட்டில் ஏறி இன்ஜினை ஓடவிட்டார். "பாட்டிலைப் பிடிக்க ஒரு ஆள் வேணும். நீ வாம்மா" என்று அண்ணி என்னை உள்ளே இழுத்துக்கொண்டார்.

உள்ளே அனலும் எண்ணெய் வாடையும். "பனி மாதிரி அடி. கரண்ட்டு எங்க கசிஞ்சாலும் ஈரம் பட்டா இருட்டுல பொறி தெரியும். ஒழுக விடாத. கையை உள்ள விட்டுடாத" என்றார். முதலில் பிளக்குகளின் தலையில் அடித்தேன். ஒன்றுமில்லை. காயில் மேல் அடித்தேன். ஒன்றுமில்லை. "இப்ப இங்க" என்று அவர் விரல் காட்டிய இடம் பின்னலின் நடு. அடித்தேன். என் கணவர் இன்ஜினை உறுமவிட்டார். சிட்டென்று ஒரு சத்தம். நூல் கனத்தில் நீலமாக ஒரு பொறி, கறுப்பு டையின் அடியிலிருந்து பக்கத்து இரும்புச் சட்டத்துக்குத் தாவியது. மறுபடி அடித்தேன். மறுபடி தாவியது. பிளக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் வழியிலேயே குதித்து ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணி குரல் கொடுத்து இன்ஜினை நிறுத்தச் சொன்னார். பிறகு என் காதோரம் சொன்னார். "பழைய ஒயரைப் பிரிச்சு வைக்கிற கிளிப்பெல்லாம் கழட்டும்போதே கையோட உதிர்ந்து போச்சு. புது ஒயர் ஒரு சாண் நீளம் கூட. தொங்கினா அசிங்கமா இருக்கும்னு இரும்போட ஒட்ட வச்சு இழுத்துக் கட்டிட்டேன். வண்டி ஆட ஆட டை ஒயர் மேல இருக்கற ரப்பரைக் கடிச்சிருக்கு. என் முடிச்சேதான்."

"அண்ணி," என்றேன் நானும் ரகசியமாக, "ஒயர் மட்டமான சரக்குன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியும்?"

நாத்தனாரைக் காட்டிக்கொடுக்கக் கிடைத்த பொன்னான வாய்ப்பில் நான் இப்படிச் சொன்னேன் என்பதை என் தங்கை நம்ப மறுக்கிறாள். இருட்டில் அண்ணியின் கண்ணாடி மட்டும் தெரிந்தது.

"ஒயருக்கு வாய் இல்லைங்கறதுக்காக அது தலையில கட்டறதா?" என்றார். "நான் யாரு தெரியும்ல?"

ரெக்சினை விலக்கிக்கொண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் தண்ணீர், நெற்றியில் கரி, காலருக்குள் இருந்த சடை அவிழ்ந்து தோளில் கிடந்தது. டிரைவர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

"என்னக்கா, பிடிச்சிட்டீங்களா?"

"பிடிச்சாச்சு. பண்ணின ஆளையும் பிடிச்சாச்சு."

"யாருக்கா?"

"நான்தான்."

அண்ணி எப்போதும் மற்ற மெக்கானிக்குகளின் தவறுகளைச் சொல்லும் அதே உரத்த குரலில், ஒரு இம்மி குறைக்காமல் சொன்னார். "மூணாம் நம்பர் ஒயரை இறுக்கிக் கட்டினது நான். இரும்புல ஒட்ட வச்சதும் நான். அழகு பார்த்தேன், ஆபத்தைப் பார்க்கல. பிளக்குக்குப் போற கரண்ட்டு பாதி வழியில இரும்புக்குத் தாவுது. குழந்தைங்க போற வண்டி." அங்கே நிறுத்தித் தம்பியைப் பார்த்தார். பிறகு மோவாயை உயர்த்தினார். "ஆனா ஒண்ணு. காலையில இருந்து தேடி அதைக் கண்டுபிடிச்சது யாரு? அதுவும் நான்தான்."

பாதி முடிவெட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. அவர் அதைச் சிரிப்புக்காகச் சொல்லவில்லை. எனக்கோ, கூட்டத்தில் யாரையாவது பிடித்து, இவர் எங்கள் அண்ணி என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. அங்கிருந்த எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரியும் என்பதால் சும்மா இருந்தேன்.

டைகளையெல்லாம் நறுக்கினார். கடிபட்ட ஒயரைக் கழற்றி, அலமாரியிலிருந்து வேறொன்று எடுத்து மாட்டினார். பழைய இன்ஜின் ஒன்றிலிருந்து பிளாஸ்டிக் கிளிப்புகளைக் கழற்றி வந்து, ஒயர்களை ஒன்றோடொன்று ஒட்டாமல், இரும்பில் படாமல் தள்ளித் தள்ளி நிறுத்தினார். கிளிப்புகள் ஒன்று மஞ்சள், ஒன்று வெள்ளை. மிச்ச நீளம் இங்கொன்றும் அங்கொன்றுமாக வளைந்து நின்றது. "தலைவிரிகோலமா நிக்குது பாரு, கண்றாவி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். கை தன்னை அறியாமல் டை வைத்திருந்த பைக்குப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"நீ ஓட்டு" என்று தம்பியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, முதல் சீட்டில், அந்தச் சின்னப் பெண் உட்காரும் இடத்தில், கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். டிரைவர்கள் பழையபடி ஏறிக்கொண்டார்கள். நான் சொல்லாமலே எல்லோரும் கையை உள்ளே வைத்துக்கொண்டார்கள். பாலம் வந்தது. ஏற்றம் தொடங்கியது. பாதி ஏற்றம் தாண்டியது. என் கணவர் வேண்டுமென்றே இன்னும் அழுத்தி மிதித்தார். வேன் ஒரு தடவைகூட உதறாமல் உச்சிக்குப் போய், மறுபக்கம் இறங்கியது. இறங்கிய பிறகுதான் அண்ணி கண்ணைத் திறந்தார்.

"அக்கா," என்றார் என் கணவர், கண்ணாடியில் அவரைப் பார்த்தபடி. "திங்கட்கிழமை வேன் கடை வழியாத்தான் வரும்."

"வா. ஆனா ஹாரன் அடிக்காத. வர்ற சத்தத்துலயே தெரிஞ்சுக்குவேன்."

ஷெட்டுக்கு வந்ததும் ஓய்வில்லை. "நான் டை போட்டுக் கட்டின வண்டி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கொண்டாங்க. பிரிச்சுப் பார்க்கணும்" என்றார் டிரைவர்களிடம். கலர் பென்சிலைக் காதில் செருகியிருந்தவர் மட்டும் தயங்கினார். "அக்கா, என் வண்டி நல்லாத்தானே ஓடுது? பின்னலைப் பிரிக்காதீங்கக்கா. பானட்டைத் திறந்தா பார்க்க எவ்வளவு அழகா இருக்கு."

"அழகு பார்க்கணும்னா கண்ணாடி வாங்கு. வண்டியைக் கொண்டா."

அன்று மாலை வரை ஒவ்வொரு பானட்டாகத் திறந்து, தன் கையால் கட்டியதையெல்லாம் தன் கையால் நறுக்கிக்கொண்டிருந்தார். தரையெங்கும் கறுப்புத் துண்டுகள். கிளம்பும்போது நான் திரும்பிப் பார்த்தேன். கண்காட்சிச் சுவரின் முன்னால் நின்று, முறிந்த பிளக்கை நடு ஆணியிலிருந்து கழற்றி ஓரத்து ஆணிக்கு மாற்றிக்கொண்டிருந்தார். காலியான நடு ஆணியில், டை கடித்த சிவப்பு ஒயர் ஏறியது.

திங்கட்கிழமை காலை, குழந்தைகளோடு வேன் ஷெட்டைத் தாண்டியது. யாரும் மூக்கைப் பொத்தவில்லை. என் கணவர் ஹாரன் அடிக்கவில்லை, கொஞ்சம் வேகத்தைக் குறைத்தார். உள்ளே புது டிரைவர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு சுவரைப் பார்த்து நிற்க, அண்ணி ஸ்பேனரை நீட்டிக் கண்காட்சி காட்டிக்கொண்டிருந்தார். வேன் சத்தம் கேட்டதும் ஒரு கணம் தலையைச் சாய்த்தார், திரும்பிப் பார்க்கவில்லை. ஸ்பேனர் நடு ஆணிக்கு வந்தது. இது யார் வேலை என்று அந்த ஆள் கேட்டிருக்க வேண்டும். அண்ணி முதுகை நிமிர்த்தி, ஸ்பேனரைத் திருப்பி, தன் நெஞ்சில் இரண்டு தட்டுத் தட்டினார்.